பசை இல்லாமல் விக் நிற்க எது சரி? கொங்குக் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ற வழிகள்

விக் வாங்கப் போகும்போது எல்லோரும் நிறத்தையும் நீளத்தையும்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்து தலையில் வைத்ததும் கேள்வி மாறிவிடுகிறது. "ஏங்கண்ணு, ஆடிக்காத்துக்கு இது நிக்குமா?" பல்லடம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். விக்கின் உட்புறத்தைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிற வேலையும் வருவதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. கேட்கிறவர்கள் பலதரப்பட்டவர்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்கள், புழுவெட்டு வந்தவர்கள், வயதில் முன்னுச்சி மெலிந்தவர்கள், பழநியில் மொட்டை போட்டுவிட்டு அடுத்த வாரமே அண்ணன் மகள் கல்யாணத்தில் நிற்க வேண்டியவர்கள். அத்தனை பேருக்கும் விற்கிற இடத்தில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "பசை போட்டுக்கங்க."

பசை பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். முடியைப் பின்னால் வாரி நெற்றி முழுக்கத் தெரிய மேடையில் ஆடுகிறவருக்கு, முன் ஓரத்து லேஸ் (மெல்லிய வலைத்துணி) தோலோடு படிந்து நிற்கப் பசையோ டேப்போ தேவைதான். அன்றாடம் வைத்துக்கொள்கிறவர்களுக்கு அது கடைசி யோசனையாக இருக்கட்டும் என்பேன். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வியர்வையில் பசை இளகி, நெற்றி ஓரத்தில் அழுக்கோடு திரண்டு நிற்கும். கழற்றத் தனித் திரவம் வேண்டும், தேய்க்கவும் வேண்டும். மருந்து ஏற்றிக்கொள்பவர்களின் தோல் ஏற்கெனவே வறண்டு மெலிந்திருக்கும். அதன் மேல் தேய்ப்பது கொடுமை. சிலருக்குப் பசையே ஒவ்வாமல் தோல் சிவந்து கொப்பளிக்கும். புழுவெட்டு ஆறிப் புதிதாக முளைக்கிற பூனைமுடியைப் பசை பிய்த்துக்கொண்டு வரும். தலையில் கதிர்வீச்சு எடுப்பவர்கள் பசைப் பக்கமே போக வேண்டாம்.

பசையை விட்டால் இருக்கிற வழிகள் இவை: விக்கிலேயே இருக்கும் பின்பக்க ஹூக், உள்ளே போடும் தொப்பி, வெல்வெட் பட்டை, சிலிக்கான் பட்டை, விக்கின் உள்ளே தைத்துச் சொந்த முடியில் மாட்டும் கிளிப்பும் சின்னச் சீப்பும், உள்ளே தைக்கிற எலாஸ்டிக். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் விக்கை எது நகர்த்துகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நகர்த்துவது மூன்று. ஒன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று ஆனியிலிருந்து ஆவணி வரை நம்மை விடாது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். வண்டியில் போகும்போதோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதோ இந்தக் காற்று நெற்றி ஓரத்தின் அடியில் புகுந்து விக்கைத் தூக்கப் பார்க்கும். இரண்டாவது, எடை. குட்டையான செயற்கை முடி விக் 100 கிராம் அளவில் இருக்கும். இடுப்பு வரை நீண்ட மனித முடி என்றால் 250 கிராமையும் தாண்டும். அதில் சடை போட்டுப் பூவும் வைத்தால் மொத்தமும் பின்னால் இழுக்கும். மூன்றாவது, பிடரியில் மெல்ல மெல்ல மேலே ஏறுவது. கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் ரவிக்கைக் கழுத்தும் சட்டைக் காலரும் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். காலையில் சரியாக வைத்தது மத்தியானம் அரை அங்குலம் ஏறியிருக்கும். காற்றுக்கு வேண்டியது நெற்றிப் பிடி, எடைக்கு வேண்டியது உச்சிப் பிடி, ஏறுவதற்கு வேண்டியது பிடரிப் பிடி. ஒரு சாமானை வாங்கி மூன்றும் தீரும் என்று நினைப்பதால்தான் பலர் காசைக் கரைக்கிறார்கள்.

முதலில் அளவு

எந்தச் சாமானுக்கும் முன்னால் இன்ச் டேப்பை எடுங்கள். நெற்றியில் முடி தொடங்குகிற கோட்டிலிருந்து காதுக்குப் பின்னால் இறக்கி, பிடரிக் குழி வழியாக மறுபக்கம் கொண்டுவந்து சேருங்கள். ஏறக்குறைய 21 அங்குலமும் அதற்குக் கீழும் சிறியது, 21.5 முதல் 22.5 வரை நடுத்தரம். 23க்கு மேல் பெரியது. பெரும்பாலான விக்குகள் நடுத்தர அளவில்தான் வருகின்றன. பின்னால் இருக்கும் ஹூக்கோ வெல்க்ரோவோ ஒரு அங்குலம் வரை இறுக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் வெல்வெட்டும் கிளிப்பும் சேர்ந்துகூடக் காப்பாற்றாது. டைலரிடம் கொடுத்துப் பின்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள்.

மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறவர்கள் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முடி கொட்டுவது பெரும்பாலும் முதல் மருந்துக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். நிறம் பார்க்க வேண்டும் என்று பலரும் முன்கூட்டியே விக் வாங்கிவிடுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அடர்த்தியான கூந்தலோடு எடுத்த அளவு, முடி போன பிறகு தளர்ந்துவிடும். முன்னாலேயே வாங்குங்கள், இறுக்கித் தைப்பதை முடி கொட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கிற முறையும் சொல்லிவிடுகிறேன். விக்கின் இரு பக்கமும் காதுக்கு முன்னால் ஒரு சின்ன நாக்கு மாதிரித் துணி இருக்கும். அது இரண்டும் காதுக்கு முன்னே, நெற்றிப்பொட்டில் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும். முன் ஓரத்தை நெற்றியில் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை இழுத்து இறக்குங்கள். பிறகு குனிந்து நிமிர்ந்து, தலையை இரண்டு பக்கமும் உதறிப் பாருங்கள். பின் பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சாயங்காலம் தலைவலி நிச்சயம்.

வெல்வெட் பட்டை

வெறுந்தலைக்கும் குச்சிமுடி முளைத்த தலைக்கும் என் முதல் தேர்வு இதுதான். இரண்டு பக்கமும் வெல்வெட் வைத்த, நெற்றிப் பக்கம் அகலமும் பின்னால் ஒடுக்கமுமாக இருக்கிற ஒரு தலைப்பட்டை இது. ஒரு பக்கத்து இழை தோலைப் பிடிக்கும், மறுபக்கத்து இழை விக்கின் உள்துணியைப் பிடிக்கும். ஒட்டுவது எதுவும் கிடையாது, வெறும் உராய்வுதான். அதனால் தோலுக்கு வலி இல்லை. நெற்றிப் பிடியும் உச்சிப் பிடியும் ஒன்றாகக் கிடைப்பது இதில் மட்டும்தான்.

வாங்கியும் போடலாம், தைத்தும் கொள்ளலாம். திருப்பூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு நீட்சியுள்ள வெல்வெட்டும் வெல்க்ரோவும் கிடைப்பது பெரிய சோலி இல்லை. நெற்றிப் பக்கம் 2 அங்குல அகலம் வைத்து, பின்னால் 1 அங்குலமாகக் குறைத்துக்கொண்டே போங்கள். இரண்டு துண்டை முதுகோடு முதுகாக வைத்து, இழை இரண்டு பக்கமும் வெளியே தெரியும்படி தைக்க வேண்டும். வெல்வெட் இழைக்கு ஒரு சாய்வு உண்டு. வெட்டுவதற்கு முன்னால் கையால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழுவழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். விக் நழுவுவது பின்னோக்கி. தோலின் மேல் பட்டையைப் பின்னோக்கித் தள்ளினாலும், பட்டையின் மேல் விக்கைப் பின்னோக்கித் தள்ளினாலும் சொரசொரப்பாக எதிர்க்கிற மாதிரி துணியை வைத்து வெட்டுங்கள். வெல்க்ரோவின் முள் பக்கம் தோலிலும் படக் கூடாது, விக் முடியிலும் படக் கூடாது. முடியில் பட்டால் பின்னிக்கொண்டு பிய்த்துவிடும்.

போடும்போது நெற்றி ஓரத்துக்கு அரை விரல் உள்ளே தள்ளிப் போடுங்கள், வெளியே தெரியாது. பின்பக்கம் பிடரி எலும்பின் மேட்டுக்குக் கீழே இறங்கி உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே நின்றால் மெல்ல மேலே வழுக்கிக் கழன்றுவிடும். விக்கை அதன் மேல் வைத்து, ஒருமுறை லேசாக முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் இழைகள் கவ்விக்கொள்ளும்.

இதை இரண்டு விஷயம் கெடுக்கும். ஒன்று எண்ணெய், இன்னொன்று பவுடர். தேங்காய் எண்ணெய் தடவாமல் நம் வீட்டில் யாருக்கும் பொழுது விடியாது. மொட்டைத் தலையிலும் குளிர்ச்சிக்கென்று தடவுவார்கள். அந்தத் தலையில் வெல்வெட் நிற்காது. எண்ணெயைப் பொழுதோட (சாயங்காலமே) வைத்துக்கொண்டு, காலையில் தலை கழுவித் துடைத்துவிட்டுப் பட்டையைப் போடுங்கள். வியர்க்கிறதென்று பவுடர் போட்டாலும் அதே கதைதான். இரண்டு பட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்தால் வெயில் காலமும் ஓடிவிடும்.

எலாஸ்டிக் தைத்துக்கொள்வது

கடைகளில் இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. செலவு மிகக் குறைவு, பலனோ மிக அதிகம். விக்கின் உள்ளே, ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கத்துக்குப் பின்னந்தலை வழியாக ஓர் எலாஸ்டிக் நாடாவைத் தைப்பதுதான் வேலை. அது பிடரி எலும்புக்குக் கீழே உட்கார்ந்து, இரண்டு காதோரத்தையும் பின்னால் இழுக்கும். அந்த இழுப்பில் நெற்றி ஓரம் தானாகவே தோலோடு படியும். காற்று புகுகிற சந்து அடைபடும். வெல்வெட் உராய்வால் பிடிக்கிறது. எலாஸ்டிக் அழுத்தத்தால் பிடிக்கிறது. ஆடிக்காற்றுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் எனக்கு நிம்மதி.

விக்கைத் தலையில் வைத்துக்கொண்டு காதுக்குக் காது பின்னால் அளந்து, அதைவிட ஒன்றரை முதல் 2 அங்குலம் குறைத்து வெட்டுங்கள். நாடா 1 அங்குல அகலம் இருக்கட்டும். மெல்லிசாக இருந்தால் அறுக்கும். குழந்தைகள் கால்சட்டையில் வருகிற, துளைத்துளையாகப் பட்டன் மாட்டும் எலாஸ்டிக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு முனையை நிரந்தரமாகத் தைத்துவிட்டு மறுமுனையில் பட்டன் வைத்தால், வீட்டில் இருக்கும்போது தளர்த்திக்கொள்ளலாம், வெளியே கிளம்பும்போது இறுக்கிக்கொள்ளலாம். திருப்பூரில் ஆடைத் தைப்புக்கான சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். தைப்பது கையால்தான், இரட்டை நூலில். காதோரம் இருக்கும் தடித்த துணிப் பட்டையில் மட்டும் ஊசி ஏற வேண்டும். லேஸில் ஏற்றினால் கிழியும், முடி தைத்திருக்கும் வரிசையில் ஏற்றினால் முடி உள்ளே மாட்டிக்கொள்ளும்.

குறையும் உண்டு. அளவு மீறி இறுக்கினால் நெற்றிப்பொட்டு வலிக்கும், நெற்றி லேஸ் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். வியர்வையில் எலாஸ்டிக் நாள்பட நாள்பட இழுவை இழக்கும். தொய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். தலையில் காயமோ அறுவைத் தையலோ இருப்பவர்களுக்கு எந்த இறுக்கமும் ஆகாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் கட்ட வேண்டாம்.

கிளிப், சீப்பு

சொந்த முடி உள்ளவர்களுக்கு இவற்றைப் போல உறுதியான பிடி வேறு இல்லை. முன்னுச்சி மட்டும் மெலிந்தவர்கள் அரை விக்கோ உச்சித் துண்டோ வைப்பார்கள். அதெல்லாம் டிக் டாக் கிளிப்பில்தான் நிற்கிறது. சொந்த முடியை ஒட்டினாற்போல் சின்னச் சின்னச் சடையாகப் பின்னி, அந்தப் பின்னல் மேல் கிளிப்பைப் போட்டால் வழுக்காது. விரித்த முடியில், அதுவும் எண்ணெய் முடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

இதில் எனக்கு வருத்தம் தருகிற ஒன்று இருக்கிறது. தினமும் அதே இடத்தில் கிளிப் இழுத்தால் அந்த இடத்து முடி வேரோடு பலவீனமாகி அங்கேயும் சொட்டை விழும். முடி குறைகிறதே என்று விக் வைக்கப்போய் மிச்ச முடியையும் இழந்தால் அதைவிடப் பாவம் வேறில்லை. புழுவெட்டில் சொட்டையின் ஓரத்து முடி லேசாக இழுத்தாலே வந்துவிடும். அந்த ஓரத்தில் கிளிப் கூடவே கூடாது. மருந்து முடிந்து முடி முளைக்கிறவர்களும் அவசரப்பட வேண்டாம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கிளிப் கடிக்கிற அளவு நீளம் வருவதற்கு நாலைந்து மாதமாவது ஆகும். அதுவரை வெல்வெட்டே போதும். ஸ்கேன் எடுக்கப் போகும்போதும் நினைவிருக்கட்டும்: எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகக் கிளிப் வைத்த விக்கோடு போகக் கூடாது.

சிலிக்கான் பட்டையும் உள் தொப்பியும்

சிலிக்கான் பட்டை வழவழவென்ற வெறுந்தலையில் அட்டை மாதிரிப் பிடிக்கும். குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஒத்துவரும். நம் வெயிலில் அதன் அடியில் வியர்வை தேங்கி வழுக்கத் தொடங்கும், பட்டை இருந்த இடம் சிவந்துபோகும். முடி இருக்கிற தலையில் அது பயனே இல்லை. நான் யாருக்கும் முதலில் இதைச் சொல்வதில்லை.

விக்கோடு இலவசமாகத் தருகிற நைலான் தொப்பி விக்கைப் பிடித்துவைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சொந்த முடியை அடக்கி வைக்கத்தான் அது. மொட்டைத் தலையில் அதைப் போட்டால் விக் இன்னும் வழுக்கும். தலை உறுத்துகிறவர்களுக்குத் திருப்பூர் பனியன் துணியிலேயே ஒரு தொப்பி தைத்துவிடலாம். மெல்லிய காட்டனாக இருக்கட்டும், தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். அப்போது தோலில் எதுவும் குத்தாது, வியர்வையையும் இழுத்துக்கொள்ளும். தொப்பி போட்டால் வெல்வெட் பட்டையை அதன் மேலே போடுங்கள்.

யாருக்கு எது

மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக இருப்பவர்களுக்கு: குட்டையான, எடை குறைந்த விக், பனியன் துணித் தொப்பி, மேலே தளர்வாக ஒரு வெல்வெட் பட்டை. வேறெதுவும் வேண்டாம். இவர்களுக்குப் பிடியைவிட வலியில்லாமல் இருப்பதுதான் முக்கியம்.

தினமும் வண்டியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு: வெல்வெட்டோடு எலாஸ்டிக். ஹெல்மெட்டுக்குள் விக் எங்கும் போகாது, கழற்றும்போதுதான் கூடவே எழும். விக்குக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே மெல்லிய சாட்டின் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கழற்றும்போது ஒரு கையால் பிடரி ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு என்பது போல் தூரமாகப் போகிறவர்கள், விக்கை வலைப்பையில் போட்டுக் கொண்டுபோய் அங்கே வைத்துக்கொள்வதே மேல். ஹெல்மெட்டுக்கு அடியில் பருத்தித் துணி போதும். முடியும் உரசிச் சிக்காகாது. நம் ஊர்ப் பெண்கள் வண்டியில் போகும்போது துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொள்வது வழக்கம்தானே, யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு: நம் சீர்களெல்லாம் முதல் நாள் பொழுதோட தொடங்கி மறுநாள் வரை நீளும். எடைதான் இங்கே எதிரி. சத்தியமங்கலத்து மல்லிகையை முழம் முழமாக உச்சிக்குக் கிட்டே குத்தினால் அந்தக் கனம் நெற்றி ஓரத்தையே பின்னால் இழுக்கும். பூவைச் சடையின் அடிப்பகுதியில், பிடரிக்குப் பக்கமாக இறக்கிக் கட்டுங்கள். அங்கே அது நேரே கீழே தொங்கும், விக்கை இழுக்காது. சொந்த முடி இருந்தால் உச்சியில் ஒரு சீப்பும் தைத்துக்கொள்ளலாம், ஒருநாள் இழுவைக்கு முடி போய்விடாது. மொட்டைத் தலை என்றால் வெல்வெட்டும் எலாஸ்டிக்கும்தான். சவுரி சேர்த்து நீளம் கூட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

நோம்பிக்கு (திருவிழாவுக்கு): ஈரோட்டு மாரியம்மன் நோம்பியில் மஞ்சள் நீர் ஊற்றி விளையாடுகிற நாளில், எந்தப் பிடியும் வேண்டாம், தலையில் துணி கட்டிக்கொண்டு போங்கள். நனைந்த விக் கனம் கூடி இறங்கிவிடும், மஞ்சளும் போகாது. கொடிவேரியில் குளிக்கவும் அதேதான். பண்ணாரியில் குண்டம் இறங்குகிறவர்களும் பக்கத்தில் நிற்கிறவர்களும் செயற்கை முடி விக்கை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். அது அனலுக்கே சுருண்டு பொசுங்கும், நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விறகடுப்பில் சமைக்கிறவர்களுக்கும் குக்கர் ஆவியில் குனிகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆண்களுக்கு: உச்சி வழுக்கைக்கு வைக்கிற துண்டைப் பெரும்பாலும் டேப்பில்தான் ஒட்டித் தருகிறார்கள். பக்கவாட்டில் நல்ல முடி இருந்தால் கிளிப் வைத்ததாகவே கேட்டு வாங்கலாம். இரவு கழற்றி வைக்கலாம், அடியில் இருக்கும் தோலைத் தினமும் கழுவலாம். முழு மொட்டையென்றால் அவர்களுக்கும் முழு விக்கும் வெல்வெட் பட்டையும்தான். ஆண்கள் விக்கில் நெற்றி ஓரம் அதிகம் தெரியும் என்பதால், பட்டையை அரை விரலுக்குப் பதில் ஒரு விரல் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும்.